பாக் விரிகுடாவில் பாய் விரிக்கும் முன்: காற்று பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

பாக் விரிகுடாவில் பாய்மரப் படகு ஓட்டப் புதிதாக வருகிறவர்கள் கரையில் இறங்கியதும் கேட்பது, "இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். தேவிபட்டினம் பக்கம் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எத்தனை மணிக்குத் தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தக் கேள்விதான். இந்தக் கடலில் காற்றுக்கு மணி உண்டு, மாதமும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் திசையை மட்டும் தெரிந்துகொண்டு பிரயோஜனம் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால் உங்கள் பாயில் படுவது ஒரு காற்று இல்லை, இரண்டு காற்றுகளின் கூட்டுத்தொகை. ஒன்று பருவக்காற்று, மாதக்கணக்கில் ஒரே பக்கமிருந்து அடிப்பது. இன்னொன்று அன்றாடக் காற்று, பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் மாறி மாறி வீசுவது. இரண்டும் ஒரே பக்கம் வந்தால் கூடும், எதிரெதிரே வந்தால் கழியும். இந்தக் கூட்டல் கழித்தலைக் கரையில் நின்றே மனசுக்குள் போட்டுப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள்

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் தொடங்கி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரைக்கும் கரை தெற்கே பார்த்திருக்கிறது. அங்கிருந்து வளைந்து இறங்கி, தொண்டி, தேவிபட்டினம் பகுதியில் கிழக்கே பார்க்கிறது. மறுபடியும் வளைந்து மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று போகும்போது விரிகுடாப் பக்கக் கரை வடக்கே பார்க்கிறது. கடற்காற்று எப்போதும் கடலிலிருந்து நிலத்துக்குத்தான் வரும். ஆகவே அதே மதியம் 2 மணிக்கு முத்துப்பேட்டைப் பக்கம் அது தெற்கிலிருந்தும், தொண்டியில் கிழக்கிலிருந்தும், மண்டபம் வடகரையில் வடக்கு, வடகிழக்கிலிருந்தும் வரப் பார்க்கும். தொண்டியில் படகு ஓட்டுகிற நண்பர் போனில் "இங்கே கிழக்கே இருந்து நல்லா வருது" என்று சொன்னதை நம்பி மண்டபத்தில் திட்டம் போடக்கூடாது. ஒரே விரிகுடாதான், ஆனால் கரைக்குக் கரை கணக்கு வேறு.

மண்டபம், ராமேஸ்வரம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு போகிறது, அகலம் பல இடங்களில் ஓரிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. அவ்வளவு ஒடுங்கிய மண் வெயிலில் எவ்வளவு சுட்டாலும் தனக்கென்று ஒரு பெரிய கடற்காற்றை இழுத்துவிடாது. ராமநாதபுரம் பக்கத்துப் பெரிய நிலம் இழுக்கும் காற்றும் பருவக்காற்றும்தான் அங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால் காற்றின் மணிக்கணக்கைச் சுத்தமாகப் பழக வேண்டுமென்றால் தொண்டி, தேவிபட்டினம் மாதிரி கிழக்கே பார்த்த கரைதான் நல்லது என்பது என் எண்ணம். கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கரையை வைத்துத்தான்.

அப்புறம், காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. கைபேசிச் செயலிகளில் அம்புக்குறி போகிற திசையைக் காட்டும், அதைப் பார்த்துப் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். கரையில் பேசும்போது வாடை என்றால் வடக்கத்திக் காற்று, கொண்டல் கிழக்கத்திக் காற்று, கச்சான் மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவது, சோளகம் தெற்கத்திக் காற்று. ஊருக்கு ஊர் கொஞ்சம் இப்படி அப்படி மாறும், ஆகவே நீங்கள் பழகப் போகிற ஊரில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு நாளின் மணிக்கணக்கு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பருவக்காற்று ஓய்ந்திருக்கும். அன்றாடக் காற்றைக் கலப்பில்லாமல் பார்க்க அதுதான் நேரம். பழகத் தொடங்குகிறவர்களை நான் எப்போதும் அந்த மாதங்களில்தான் வரச் சொல்வேன்.

விடியற்காலை 5 மணிக்குக் கரைக்குப் போய் நில்லுங்கள். நங்கூரம் போட்டு நிற்கும் படகுகளைப் பாருங்கள். நீரோட்டம் இழுக்காத இடமாக இருந்தால் எல்லாப் படகின் அணியமும், அதாவது முன்பக்கமும், ஊரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், ஏனென்றால் கட்டிய படகு காற்று வரும் பக்கம்தான் மூக்கைத் திருப்பும். டீக்கடை அடுப்புப் புகை தாழ்ந்து தவழ்ந்து கடலுக்குள் போகும். முதுகில் லேசான குளிர் படும். இதுதான் கரைக்காற்று. இரவெல்லாம் நிலம் சூட்டை இழந்துவிட்டது, கடல் இழக்கவில்லை, நிலத்தின் மேலிருக்கும் குளிர்ந்த கனமான காற்று கடலை நோக்கி வழிந்து இறங்குகிறது. பெரிய வேகம் இருக்காது, பெரும்பாலும் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் கட்டுமரமும் பாய் வத்தை என்கிற மீன்பிடிப் படகும் இன்ஜின் இல்லாமல் ஓடிய காலத்தில் இருட்டோடு கடலுக்குள் போனது இந்தக் காற்றில்தான், மதியத்துக்கு மேல் மீனோடு திரும்பியது எதிர்ப்பக்கமிருந்து வரும் கடற்காற்றில்தான். போகவும் வரவும் இரண்டு காற்று, தினமும்.

8 மணி வாக்கில் கரைக்காற்று இறந்துபோகும். 9 மணிக்குக் கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி இருக்கும், பாய் தொங்கும். புதியவர்கள் இந்த நேரத்தில்தான் "இன்னைக்குக் காத்தே இல்லை" என்று படகைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். அந்த அமைதி ஒரு காற்று போய் அடுத்தது வருவதற்கு இடைப்பட்ட நேரம்தான். நிலம் சூடேறி 33, 34 டிகிரிக்குப் போகும், கடல் நீர் 30 டிகிரியை ஒட்டி அப்படியே கிடக்கும். நிலத்தின் மேல் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று நகர ஆரம்பிக்கும். கரையோரத்து வானத்தில், நிலத்துக்கு மேலே மட்டும் பஞ்சு மாதிரி சின்னச் சின்ன வெள்ளை மேகம் வரிசையாகக் கிளம்பினால் அது நல்ல அறிகுறி.

அது வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் மறக்காது. பத்தரை, பதினொரு மணிக்குக் கிழக்கே தொடுவானத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் தண்ணீரில் ஒரு கறுத்த கோடு தெரியும். பென்சிலால் இழுத்தது மாதிரிதான் முதலில் இருக்கும். ஐந்து நிமிடத்தில் பட்டையாகும். கறுப்பாகத் தெரிவது வேறொன்றுமில்லை, காற்று பட்டுச் சிலிர்த்த தண்ணீர் வெளிச்சத்தை வேறு மாதிரி திருப்புகிறது. அந்தப் பட்டை உங்களை நோக்கி ஊர்ந்து வரும். படகு இன்னும் கண்ணாடி மாதிரியான தண்ணீரில்தான் இருக்கும், பாயின் கீழ்ப் பருமல் (பாயைக் கட்டியிருக்கும் கட்டை) லேசாக ஒருமுறை முனகும், அப்புறம் கன்னத்தில் ஈரமான குளிர், பாய் ஒரே அடியில் புடைக்கும், அணியத்துக்கு அடியில் சளசளவென்று தண்ணீர் பேச ஆரம்பிக்கும். அந்த நொடிக்கு முன்பே தாமானை, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, கையில் பிடித்துத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் சின்னப் படகு கவிழும்.

2 மணியிலிருந்து 4 மணி வரை கடற்காற்று உச்சம். நல்ல நாளில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வரும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: மதியம் கிழக்கிலிருந்து தொடங்கியது சாயங்காலத்துக்குள் மெதுவாகத் தென்கிழக்குப் பக்கம் திரும்பும். பூமி சுழல்வதால் நம் அரைக்கோளத்தில் காற்று கடிகார முள் போகும் பக்கம் விலகுகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் விலகல் குறைவுதான், ஆனாலும் கணக்கில் வரும். அதனால் மதியம் வடக்கே போய்விட்டுத் திரும்பும்போது தெற்கே வர வேண்டியிருந்தால், காற்று உங்கள் முகத்துக்கு நேரே நகர்ந்துவிட்டிருக்கும். பழகும் நாட்களில் முதலில் தெற்கே போங்கள், திரும்பி வருவது சுலபம்.

சூரியன் மறைந்த பிறகு வேகம் இறங்கும், சில நாள் இரவு 8, 9 மணி வரைகூட லேசாக இருக்கும், அப்புறம் மறுபடியும் ஓர் அமைதி, நள்ளிரவை ஒட்டிக் கரைக்காற்று.

இதன்மேல் பருவத்தை ஏற்றுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தக் கரையில் வெறும் பழமொழி இல்லை, மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். தொண்டி, தேவிபட்டினத்தில் இது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கச்சான் காலத்தில் காலையில் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக, அழகாக, குளம் மாதிரி இருக்கும். காற்று பின்னாலிருந்து வருகிறது, பனையும் வீடுகளும் அதைத் தடுக்கின்றன. அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓட இடம் வேண்டும், கரையோரத்தில் அந்த இடமே கிடைப்பதில்லை. ஆகவே காற்று பலமாக இருந்தாலும் அலை இருக்காது. படகை இறக்கினால் சுகமாக வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் காற்றோடு போகிறீர்கள், முகத்தில் காற்றே படாது. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பார்க்கும்போதுதான் முழுக்காற்று தெரியும், கடல் வெளுத்திருக்கும், கரைக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்தக் காற்றை எதிர்த்து, குறுக்கும் நெடுக்குமாகப் பாய் மாற்றி மாற்றி ஏற வேண்டும். என் இரண்டாவது வருடம் ஜூலையில் இப்படித்தான் இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது, கையில் தோல் உரிந்துவிட்டது, கடைசியில் ஒரு வத்தைக்காரர்தான் கயிறு போட்டு இழுத்து வந்தார். இன்னும் வெளியே போயிருந்தால் இலங்கையோடு 1974-ல் வகுத்த எல்லைக்கோடு இருக்கிறது, அந்தப் பக்கம் காற்று தள்ளிக்கொண்டு போனால் அது வேறு பிரச்சினை.

அந்தப் பருவத்தில் இன்னொன்று: இரவில் நிலத்தை ஒட்டிய காற்றடுக்கு குளிர்ந்து அடங்கிக் கிடக்கும், பலமான காற்று மேலே ஓடிக்கொண்டிருக்கும். காலை 8, 9 மணிக்கு வெயில் ஏறி அடுக்குகள் கலக்கும்போது மேலிருக்கும் காற்று கீழே இறங்கும். 7 மணிக்குப் பார்த்த மென்மையான காற்று 10 மணிக்கு இரண்டு மடங்காவது இதனால்தான். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரப் பார்க்கும், கச்சான் அதைத் தள்ளி நிறுத்தும். கச்சான் சுமாராக இருக்கும் நாளில் 2, 3 மணிக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக் கழிந்து கடல் செத்துப்போகும், சில நாள் கடற்காற்று ஜெயித்து உள்ளே வந்துவிடும். கச்சான் பலமான நாளில் அது கரைக்கே வராது. புதியவர்கள் இந்தப் பருவத்தில் தனியாகப் போகவே வேண்டாம்.

வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை, கணக்கு தலைகீழ். வாடையும் கடற்காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கமிருந்து வருகின்றன, மதியம் கூடும், விடியற்காலை கரைக்காற்று எதிர்ப்பதால் குறையும். அதனால் காலை 7 முதல் 10 மணி வரை பழக நல்ல நேரம், 12 மணிக்கு மேல் அனுபவசாலிகளுக்கு. காற்று கரைக்குத் தள்ளுவதால் கடலுக்குள் போய்விடும் பயம் இல்லை, ஆனால் விரிகுடா முழுவதையும் கடந்து ஓடி வரும் காற்று அலையைக் கிளப்பிவிடும். இங்கே ஆழம் ரொம்பக் குறைவு, பெரும்பகுதி 10 மீட்டர் சொச்சம்தான், அதனால் அலை செங்குத்தாக, நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக மூச்சுவிட நேரம் கொடுக்காமல் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலமும்கூட. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இந்தக் கடலில் வந்த புயல்தான்.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதல் நாள் இரவே வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று" என்ற வரி இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், படகு கரையிலேயே இருக்கட்டும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலும் அப்படித்தான்.

விண்டி மாதிரியான செயலிகள் பருவக்காற்றை நன்றாகவே சொல்லும். அன்றாடக் காற்றில்தான் தடுமாறும். அவை நம்பியிருக்கும் உலகளாவிய வானிலைக் கணிப்பு மாதிரிகள் 9, 13 கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பூமியைப் பார்க்கின்றன, ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகல மண்டபம் நிலம் அதில் சரியாகத் தெரிவதே இல்லை. செயலியிடமிருந்து பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மணிக்கணக்கை நீங்களே போடுங்கள். செயலியில் வேகம் நாட் கணக்கில் இருந்தால் 1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

கரைக்குப் போனதும் படகில் கை வைக்காமல் பதினைந்து நிமிடம் நின்று பாருங்கள். புகை, கொடி, தென்னை, பனை ஓலை, நங்கூரப் படகுகள். அப்புறம் கடலின் நிறம். 1805-ல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட் காற்றின் பலத்தைக் கருவி இல்லாமல் வகைப்படுத்தினார், பிற்காலத்தில் அதே அளவுகோலில் கடலின் தோற்றமும் சேர்ந்தது. இன்றைக்கும் அது போதும். சிற்றலை மட்டும், நுரையே இல்லை என்றால் 12 கிலோமீட்டருக்குள். அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளை நுரை தெரிந்தால் 13 முதல் 19 கிலோமீட்டர், பழக அருமையான காற்று. பார்க்கும் பக்கமெல்லாம் அடிக்கடி வெளுத்தால் 20-க்கு மேல், பாயைச் சுருக்குங்கள். கடல் பூராவும் வெளுத்து நுரை தெறித்தால் 30-க்கு மேல், புதியவர்களுக்கு அன்று விடுமுறை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும், இதை மறக்கவே கூடாது. கச்சான் நாளில் மட்டும் கரையோரத் தண்ணீரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இரண்டு பக்கமும் ஒரு சாண் கம்பளி நூல் கட்டுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அது ஆடிக் காட்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்கு ஈடில்லை. உயிர்காப்பு அங்கியை முடிச்சுப் போட்டு அணியுங்கள், தண்ணீர் புகாத பையில் கைபேசி இருக்கட்டும், கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554 அதில் ஏறியிருக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாம்பன் கால்வாய்ப் பக்கம் முதல் வருடம் தலைவைத்துப் படுக்காதீர்கள், அங்கே நீரோட்டம் இழுக்கிற இழுப்புக்குப் பாய் ஈடுகொடுக்காது.

கடலில் இருக்கும்போது மேற்கைப் பாருங்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் சாயங்காலம் உள்நாட்டில் இடிமேகம் திரண்டு கடல் பக்கம் வரும். நீங்கள் கிழக்கே பார்த்துக் கடற்காற்றில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், முதுகுக்குப் பின்னால் அது வளரும். 4 மணிக்கு, நன்றாக வீசிக்கொண்டிருந்த கடற்காற்று காரணமே இல்லாமல் சட்டென்று விழுந்தால், உடனே திரும்பி மேற்கைப் பாருங்கள். அங்கே கறுத்திருந்தால் அடுத்த காற்று அங்கிருந்துதான் வரும், மழைக்கு முன்னால், சில்லென்று, திடீரென்று, எதிர்ப்பக்கமாக. அந்த அமைதிக்குள் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கலாம், பதினைந்து கிடைக்கலாம். கரைக்கு ஓடப் பார்க்காமல் முதலில் பாயை இறக்கிக் கட்டுங்கள், நங்கூரம் போடுங்கள், ஆழம் குறைவான கடல் என்பதால் நங்கூரம் பிடித்துவிடும். மேகம் கடந்து போகட்டும், அரை மணியோ முக்கால் மணியோ. மின்னலின்போது பாய்மரத்தையும் கம்பிகளையும் தொடாமல் குனிந்து உட்காருங்கள்.

மற்றபடி கால் மணிக்கு ஒருமுறை இரண்டே கேள்விகள்: இப்போது காற்று எங்கிருந்து வருகிறது, இந்தக் காற்றில் நான் கரைக்குப் போக முடியுமா? இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அப்போதே திரும்புங்கள்.

நோட்டு ஒன்று போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். கரையில் இருக்கும் நாட்களிலெல்லாம், படகு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், காலை 6, 9, மதியம் 12, 3, மாலை 6 என்று ஐந்து முறை திசையும், கடலின் தோற்றமும், மேகமும் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்திலேயே செயலி என்ன சொன்னது என்றும் குறியுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் கரையில் கடற்காற்று எத்தனை மணிக்கு இறங்குகிறது, செயலி எவ்வளவு தப்புகிறது என்பது தெரிந்துவிடும். என் முதல் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "காலை 6, மேற்கு, லேசு, புகை கடலுக்குப் போகிறது. 9, இல்லை. 12, கிழக்கு, அங்கங்கே நுரை, 10.50-க்கு வந்தது. 3, தென்கிழக்கு, நிறைய நுரை, பாய் சுருக்கினேன். 6, தென்கிழக்கு, லேசு, மேற்கே மேகம் இல்லை."